அண்டாவைத் தின்ற சோடா

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. கோரா பட்டை வாங்கி, சோப்பும் சலவை சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசையை எடுப்பதும் சாயம் போடுவதும் நாங்களேதான். வழக்கமான எவர்சில்வர் அண்டா அடியில் ஒழுகியதால், விசேஷங்களுக்குச் சமைக்கிற பெரிய அலுமினிய அண்டாவில் பட்டைப் போட்டோம். தண்ணீர் கொதிக்கும் முன்பே பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. இப்போது உள்பக்கம் கருத்திருக்கிறது, தொட்டால் கையில் ஒட்டுகிறது, ஊசித்துளை அளவில் குழிகளும் விழுந்திருக்கின்றன. பட்டிலும் சாயம் திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறது. அலுமினியம் துருப்பிடிக்காது என்றுதானே சொல்வார்கள்? அந்த அண்டாவில் இனிச் சமைக்கலாமா? சாயத்துக்குப் படிகாரம் போடச் சொல்கிறார் என் மாமியார். அதுவும் அலுமினியம்தான் என்கிறாள் பத்தாவது படிக்கும் மகள். மலிவு ஜரிகையிலும் அலுமினியம் என்று கேள்விப்படுகிறோம். எது உண்மை?
— வாசகி, தேவிகாபுரம்

பதில்: அம்மா, அந்த அண்டாவில் இனிப் பட்டும் வேண்டாம், சோறும் வேண்டாம். உங்கள் மகள் சொன்னது சரி. ஜரிகையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதும் சரி.

அலுமினியம் மந்தமான உலோகம் என்றுதான் பலரும் எண்ணியிருக்கிறோம். உண்மையில் அது இரும்பைவிட வேகமாக ஆக்சிஜனோடு சேரும். வெட்டிய கணமே அதன்மேல் ஆக்சைடு படர்ந்துவிடும். சில நானோமீட்டர் தடிமன்தான், கண்ணுக்குத் தெரியாது. இரும்பின் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியில் உள்ள இரும்பையும் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. அலுமினியத்தின் ஆக்சைடோ தோல்போல இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கும் உலோகத்தை மூடிவிடுகிறது. கீறினாலும் உடனே புதிதாகப் படரும். அலுமினியப் பாத்திரம் பல ஆண்டு தாங்குவது இந்தத் தோலால்தான்.

அந்தத் தோலுக்கு ஓர் எல்லை உண்டு. பி.எச். அளவு சுமார் 4.5-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்கும்வரை அது நிற்கும். அதற்குக் கீழே அமிலம் கரைக்கும், மேலே காரம் கரைக்கும். பட்டின் பசை எடுக்கிற சோப்பு-சோடாத் தண்ணீர் பி.எச். 10-ஐ ஒட்டியது, அதுவும் கொதிநிலையில். தோல் கரைந்ததும் வெறும் உலோகம் நேராகத் தண்ணீரோடு வினைபுரிந்தது. நீங்கள் பார்த்த குமிழி ஹைட்ரஜன் வாயு. அது தீப்பற்றக்கூடியது. மூடிய அறையில், எரிகிற அடுப்பின் மேல் இது நடப்பது ஆபத்து. காஸ்டிக் சோடாவாக இருந்திருந்தால் வேகம் பல மடங்கு.

கையில் ஒட்டும் கறுப்பு எங்கிருந்து வந்தது? பாத்திர அலுமினியத்தில் கொஞ்சம் இரும்பும் சிலிக்கானும் கலந்திருக்கும், பழைய சாமான்களை உருக்கி வார்த்ததானால் செம்பும் இருக்கும். அலுமினியம் கரைந்தோட, கரையாத இவை பொடியாகப் பின்தங்குகின்றன. அந்தத் துகள்களைச் சுற்றி அரிப்பு கூடுதலாக நடந்ததால் குழிகள். வெறும் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அலுமினியம் கருக்கும், ஆனால் அது வேறு. தண்ணீரில் உள்ள உப்புகளோடு சேர்ந்து தோல் தடிப்பதால் வருவது, தீங்கில்லாதது, கையில் ஒட்டாது.

பட்டு திட்டுத்திட்டானதற்கு இப்படித்தான் காரணம் சொல்வேன். கரைந்த அலுமினியம் காரத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அலசும்போது காரம் குறைந்ததும், வெளிர்ந்த கூழாகப் பிரிந்து நூலின்மேல் படியும். படிந்த இடத்தில் சாயம் ஒரு மாதிரி பிடிக்கும், படியாத இடத்தில் வேறு மாதிரி. சாயம் போடாத கழி மிச்சமிருந்தால், சிறிது அசிட்டிக் அமிலம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, ஒரே ஒரு கழிக்கு மட்டும் சாயம் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே திட்டாக ஏறியதை அடர்ந்த நிறத்துக்கு மாற்றுவதே நடைமுறை வழி.

உங்கள் வீட்டில் விபத்தாக நடந்ததை நம் முன்னோர் வேண்டுமென்றே, அளவோடு செய்திருக்கிறார்கள். மாமியார் சொல்லும் படிகாரம் பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த சல்பேட் உப்பு. சாயவேர், மஞ்சிட்டி போன்ற வேர்ச் சாயங்கள் தாமாக நூலில் நிற்காது. படிகாரத்தின் அலுமினியம் ஒரு பக்கம் நூலையும் மறுபக்கம் சாயத்தையும் பற்றிக்கொள்ளும், சிவப்பு கெட்டியாக நிற்கும். சோழமண்டலக் கரையின் பெயர்பெற்ற சிவப்புத் துணிகளுக்கு இந்தப் பிடிப்புதான் ஆதாரம். கலங்கிய குளத்து நீரில் படிகாரத்தைக் கலக்கிச் சேற்றை அடியில் படிய வைத்தார்களே, அதுவும் அலுமினியத்தின் வேலைதான். ஆகவே இயற்கைச் சாயம் போட்டால் மாமியார் சொல்வது முழுக்கச் சரி. இப்போது பட்டுக்குப் பெரும்பாலும் பயன்படும் அமிலச் சாயங்களுக்குப் படிகாரம் தேவையில்லை. போட்டால் நிறம் எதிர்பாராமல் மாறவும் கூடும்.

சோடா அண்டாவைத் தின்ற அதே குணம்தான் அலுமினியத்தை மண்ணிலிருந்து பிரிக்கவும் உதவுகிறது. பூமியின் மேலோட்டில் எடைக்கு எட்டு சதவீதம் அலுமினியம். உலோகங்களில் அதுவே முதலிடம். சேர்வராயன் மலையில் எடுத்த பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவைக் கொண்டு 1960-களில் மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி தொழிற்சாலை தொடங்கியது. பாக்சைட்டைச் சூடான காஸ்டிக் சோடாவில் போட்டால் அலுமினியப் பங்கு கரைந்துவிடும், இரும்பு கரையாமல் செங்கசடாக நின்றுவிடும். கரைசலிலிருந்து ஆக்சைடைப் பிரித்து, சுமார் 950 டிகிரியில் உருகிய கிரையோலைட்டில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் உலோகம் அடியில் சேரும். அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் 1886-இல் தனித்தனியே கண்டுபிடித்த முறை இது. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் வேண்டும். இந்த முறை வருவதற்கு முன் அலுமினியம் அரிய பொருளாக இருந்தது. 1884-இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைத்த சின்னக் கூம்பு அலுமினியத்தால் ஆனது.

அலுமினியப் பாத்திரத் தொழில் இந்தியாவில் காலூன்றிய இடம் சென்னை. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் 1898-இல் சென்னைக் கலைப்பள்ளியில் அதைத் தொடங்கினார். செம்புக்கும் பித்தளைக்கும் வெள்ளீயம் பூசியாக வேண்டும், பூச்சு தேய்ந்தால் களிம்பு ஏறும். அந்தத் தொல்லை அலுமினியத்துக்கு இல்லை. எடையும் செம்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. 1903-இல் அந்தப் பட்டறையை ஒரு கம்பெனி வாங்கிக்கொண்டது. அதே சாட்டர்டன் பிறகு சேலத்தில் கைத்தறிக்கு விசைநாடாவைப் பரப்ப உழைத்தார் என்பது தறிக்காரர்களாகிய உங்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி.

சமையலுக்கு வருகிறேன். நல்ல நிலையிலுள்ள அலுமினியப் பாத்திரத்தில் சோறு வடிப்பதால் பெரிய தீங்கு இல்லை. அல்சைமர் நோய்க்கு அலுமினியமே காரணம் என்ற பேச்சு பல பத்தாண்டுகளாக உண்டு, ஆனால் அது நிறுவப்படவில்லை. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரம் 2 மில்லிகிராம்வரை பொறுக்கலாம் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 2011-இல் வரம்பு வைத்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நிலைமை வேறு. உடலில் சேர்ந்த அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான், அவர்கள் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களும் புளிக்குழம்பு, ரசம், தக்காளித் தொக்கு, ஊறுகாய் ஆகியவற்றை அலுமினியத்தில் ஆக்கவோ இரவெல்லாம் வைக்கவோ வேண்டாம். உப்பும் புளியும் சேர்ந்தால் தோல் சீக்கிரம் போய்விடும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது, எங்கிருந்து வந்ததென்று தெரியாத பழைய உலோகத்தை உருக்கி வார்த்த பாத்திரங்கள். இந்தியாவிலிருந்து போன இண்டாலியம் வகைச் சமையல் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து ஈயம் கசிகிறது என்று 2025-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. குழந்தைகளின் மூளைக்கு ஈயம் எந்த அளவிலும் கேடு. முத்திரையோ தயாரித்தவர் பெயரோ இல்லாத வார்ப்புச் சட்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

கடைசியாக ஜரிகை. அசல் ஜரிகையில் நடுவே பட்டு இழை, அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, மேலே தங்க முலாம். ஹாஃப்ஃபைன் என்ற வகையில் வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பி. மலிவு ஜரிகையில் பாலியஸ்டர் படலம். வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி, சில பத்து நானோமீட்டர் மட்டும் அதில் படிய வைக்கிறார்கள். மேலே மஞ்சள் நிற அரக்கு பூசி, மெல்லிய நாடாவாக நறுக்குகிறார்கள். பளபளப்பு அலுமினியத்துடையது, பொன்னிறம் அரக்குடையது.

ஓர் இழையை உருவித் தீயில் காட்டுங்கள். சுருங்கி உருகி, கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். முடி கருகும் வாடையோடு நொறுங்கும் சாம்பலாகி, கம்பி மட்டும் மிஞ்சினால் உள்ளே பட்டு. ஆனால் இந்தச் சோதனை அந்தக் கம்பி வெள்ளியா செம்பா என்று சொல்லாது. அதற்கு எக்ஸ்-கதிர்க் கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். அலுமினிய ஜரிகைக்கும் சோடா எதிரி. அரக்கு கொஞ்ச நாள் காக்கும். அது தேய்ந்தபின் காரமான சோப்புத்தூளில் ஊறினால் அலுமினியம் கரைந்து, வெறும் படலம் நிற்கும். மலிவு ஜரிகையில் நெய்வதில் குற்றமில்லை, எல்லாராலும் வெள்ளி விலை கொடுக்க முடியாது. வாங்குகிறவரிடம் இன்ன ஜரிகை என்று சொல்லி, எப்படித் துவைக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுங்கள்.

பழைய எவர்சில்வர் அண்டாவை ஆரணியில் ஆர்கான் வெல்டிங் செய்பவரிடம் காட்டுங்கள். ஒழுகல் சின்னதானால் அடைத்துவிடலாம். சாயம் போடும்போது செம்பு, பித்தளைக் கரண்டி வேண்டாம், மூங்கில் கோலே போதும். அலுமினிய அண்டாவை எடைக்குப் போட்டுவிடுங்கள். பாக்சைட்டிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் ஐந்து சதவீதமே மறுபடி உருக்கத் தேவை என்பதால் காயலான் கடைக்காரர் நல்ல விலையே கொடுப்பார்.