யாரும் பார்க்காத வேளையில்

விஜயதசமி இரவு, கொலு வைத்த வீடுகளில் ஒரு சிறு சடங்கு நடைபெறும். ஆரத்தி எடுத்து முடித்ததும் வீட்டுப் பெரியவர் படியிலிருக்கும் ஒரு பொம்மையை எடுத்து மெல்லப் படுக்க வைப்பார். பல வீடுகளில் அது மரப்பாச்சியாக இருக்கும். ஒன்பது நாளும் நின்றிருந்த பொம்மைகள் இனி ஓய்வெடுக்கலாம் என்பது அதன் பொருள். அதன் பிறகுதான் அவை பழைய துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றப்பட்டுப் பெட்டிக்குள் போகும்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் எல்லாத் தமிழர் வீடுகளிலும் கொலு வைப்பதில்லை. வைக்கும் வீடுகளிலும், அடுக்குமாடி வீட்டின் சிறிய கூடத்திற்கு ஏற்ப ஒன்பது படிகள் மூன்றாகச் சுருங்கிவிடுவதுண்டு. ஆயினும் படிகள் எத்தனையாக இருந்தாலும், பொம்மையைப் படுக்க வைப்பதைப் பார்க்கும் குழந்தைக்கு ஒரு கேள்வி எழும். இப்பொழுதுதான் உறங்கப் போகிறது என்றால், இத்தனை நாளும் அது விழித்திருந்ததா?

பெரியவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால், கேள்வி நியாயமானதுதான். உலகின் புகழ்பெற்ற சிறுவர் கதைகள் சில இக்கேள்வியிலிருந்தே பிறந்தவை.

பேசும் பொம்மைகள் தமிழருக்குப் புதியவை அல்ல. மணிமேகலைக் காப்பியத்தில் தூணில் அமைந்த கந்திற்பாவை, மணிமேகலையிடம் நடந்ததையும் நடக்கவிருப்பதையும் எடுத்துரைக்கிறது. விக்கிரமாதித்தன் கதையில் சிம்மாசனத்தைக் காக்கும் முப்பத்திரண்டு பதுமைகள், அதில் ஏறி அமர வந்த போஜராஜனைத் தடுத்து நிறுத்தி ஆளுக்கொரு கதை சொல்கின்றன. இவற்றுக்கு ஒளிவுமறைவு ஏதுமில்லை. அரசன் முன்னிலையிலேயே துணிந்து பேசுகின்றன. ஏனெனில், அவை உண்மையில் பொம்மைகள் அல்ல. பொம்மை வடிவில் இருக்கும் தெய்வங்கள்.

குழந்தையின் கையிலிருக்கும் பொம்மையின் நிலை வேறு. மனிதர் பார்க்கும்போது அது அசையக் கூடாது. அறையில் யாருமில்லாத நேரத்தில்தான் எழுந்து நடமாடலாம். பிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட் 1905இல் வெளியிட்ட ‘சின்ன இளவரசி’ என்ற நாவலின் நாயகி சாரா இதை உறுதியாக நம்புகிறாள். இந்தியாவில் பிறந்து, படிப்பதற்காக லண்டன் விடுதிப் பள்ளியில் விடப்பட்டவள் அவள். தாய் இல்லை, தந்தை இந்தியாவில் இருக்கிறார். எமிலி என்ற பொம்மைதான் துணை. தான் வெளியேறியதும் எமிலி எழுந்து படிக்கும், நடக்கும் என்றும், காலடி ஓசை கேட்டதும் மின்னல் வேகத்தில் தன் இடத்திற்குத் திரும்பிவிடும் என்றும் அவள் நினைக்கிறாள். இதை யாராலும் பொய்யென்று காட்ட இயலாது. கதவைத் திடீரெனத் திறந்து பார்த்தவருக்குப் பொம்மை அசையாமல் இருப்பதே கண்ணில் படும். அதுதானே விதி!

ஆனால், பர்னெட் கதையை அந்த இனிமையோடு விட்டுவிடவில்லை. தந்தை இறந்து, செல்வமும் போய்விட, சாரா அதே பள்ளியில் வேலைக்காரியாகிறாள். மாடத்து அறையில் குளிரிலும் பசியிலும் நாள்களைக் கழிக்கிறாள். ஒருநாள் இரவு, சோர்ந்து திரும்பியவள் எமிலியிடம் தன் துயரைக் கொட்டுகிறாள். எமிலி வழக்கம்போல் கண்ணாடிக் கண்களால் வெறித்துப் பார்க்கிறது. சாராவின் பொறுமை உடைகிறது. நீ மரத்தூள் அடைத்த வெறும் பொம்மைதான் என்று கத்தி, அதை நாற்காலியிலிருந்து தட்டிவிடுகிறாள். பிறகு அழுகிறாள். அழுது ஓய்ந்ததும் எமிலியைத் தூக்கி, உடையைச் சரிசெய்து, மீண்டும் நாற்காலியில் உட்கார வைக்கிறாள். பொம்மையாக இருப்பது அதன் குற்றமா என்ன?

அதன் பிறகும் எமிலி பேசவில்லை. கதையின் இறுதிவரை அதற்கு உயிர் வரவில்லை. உண்மையைத் தெரிந்துகொண்ட பின்னும் சாரா அதை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாள் என்பதுதான் இங்குக் கவனிக்க வேண்டியது.

இதைவிடக் கடுமையான விதியை வகுத்தவர் ரூமர் காடன். இவரும் இந்திய மண்ணில் வளர்ந்தவரே. இன்று வங்காளதேசத்தில் உள்ள நாராயண்கஞ்சில், ஆற்றங்கரையில் சிறுவயதைக் கழித்தவர். 1947இல் வெளிவந்த இவருடைய ‘பொம்மை வீடு’ என்ற கதையில், பொம்மைகள் தமக்குள் பேசிக்கொள்ளும், பயப்படும், அன்பு கொள்ளும். ஆனால், தாமாக எதையும் செய்ய இயலாது. வேண்டியதைத் தீவிரமாக விரும்பலாம். அந்த விருப்பம் குழந்தைகளின் மனத்தை எட்டுமா என்று காத்திருக்கலாம். அவ்வளவுதான். எந்த வீட்டில் வாழ்வது, யாரோடு வாழ்வது என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

சற்று எண்ணிப் பார்த்தால், இது குழந்தையின் நிலையும்தான். வீடு மாறும்போதும் பள்ளி மாறும்போதும் யாரும் குழந்தையைக் கேட்டு முடிவெடுப்பதில்லை. பொம்மைக் கதைகளில் குழந்தைகள் அவ்வளவு எளிதாக ஒன்றிவிடுவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மந்திரமும் வியப்பும் அடுத்த நிலையில்தான் நிற்கின்றன.

காடனின் கதையில் வரும் டாட்டி, நூறாண்டு கடந்த சிறு மரப்பொம்மை. பழைய தலைமுறைச் சிறுமிகள் விளையாடி, இன்றைய சிறுமிகளிடம் வந்து சேர்ந்தது. தமிழர்க்கு இது உடனே மரப்பாச்சியை நினைவூட்டும். செம்மரத்தில் ஆணும் பெண்ணுமாகச் செதுக்கப்படும் இந்தப் பொம்மைகளைத் தாய் வீட்டார் மணமகளுக்குக் கொடுத்து அனுப்புவது வழக்கம். பாட்டி கையிலிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து மகளுக்கும் அவை போகும். விலை உயர்ந்த களிமண் பொம்மை கீழே விழுந்தால் போயிற்று. மரப்பாச்சி அப்படியல்ல, மூக்கு மழுங்கினாலும் அடுத்த ஆண்டு கொலுவுக்கு வந்து நிற்கும்.

பொம்மைக்காகக் கலங்கும் குழந்தையைத் தேடி லண்டன்வரை போக வேண்டியதுமில்லை. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் பகுதியில் சில சிறிய பாடல்கள் உள்ளன. அவை அகப்பாடல்கள், சிறுவருக்காகப் பாடப்பட்டவை அல்ல. இருப்பினும் அவற்றுள் வரும் பெண், கடற்கரை மணலில் பாவை செய்து விளையாடுகிறாள். உண்ணத் தெரியாத அப்பாவைக்குப் பால் ஊட்டப் பார்க்கிறாள். வேறொரு பாடலில் அலை வந்து பாவையை அடித்துச் செல்ல, மை தீட்டிய கண்கள் சிவக்க அழுகிறாள். இன்னொன்றில் அவள் அழவில்லை. கோபம் கொண்டு, மணலை அள்ளிப் போட்டுக் கடலையே தூர்க்க முற்படுகிறாள்!

மணல்தானே, இன்னொன்று செய்துகொள்ளலாமே என்று பெரியவர் சொல்லக்கூடும். வீடு மாறும் நாளில், பழைய துணிப்பொம்மையைக் குப்பைப் பையில் போட்டுவிட்டு அப்படித்தான் சொல்கிறார்கள். குழந்தைக்கும் அது துணி என்று தெரியும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை சாய்த்தால் நிமிர்வதற்கு அடிப்பகுதியின் கனமே காரணம் என்று அறிவியல் வகுப்பில் படித்த மாணவர்கூட, அதைக் கண்டால் ஒருமுறை தட்டிவிட்டு, அது தலையாட்டும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

கொலு முடிந்த வீட்டில், பொம்மைப் பெட்டி மீண்டும் அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறுகிறது. இன்னும் ஓர் ஆண்டு அதை யாரும் திறக்கப் போவதில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் பெரியவர்கள் படுக்கப் போகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஜாலான் துன் சம்பந்தனில் இன்னும் வாகன இரைச்சல் ஓயவில்லை. குழந்தை மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பெட்டியின்மேல் காதை வைத்துக் கேட்கிறது.