அலுவல் பயணத்தோடு இலையுதிர்காலம்: ஒரு பெட்டி, இரு கணக்குகள்

பெங்களூரை அடுத்த பிடதி வட்டாரத்தில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலைகள் பல உள்ளன. அவற்றின் பொறியாளர்கள் ஜப்பானின் நகோயாப் பகுதிக்கு அடிக்கடி அனுப்பப்படுகின்றனர். அந்நியச் செலாவணிப் பிரிவில் பணியாற்றும் என்னிடம் அவர்களின் விண்ணப்பங்கள் மாதந்தோறும் வருவதுண்டு. 2025 அக்டோபரில் வந்த ஒரு விண்ணப்பமே இக்கட்டுரைக்குக் காரணம்.

வந்தவர் ஓய்வுபெற எட்டு மாதங்களே இருந்த ஒரு பொறியாளர். நிறுவனக் கடிதம் நவம்பர் 10 முதல் 22 வரை பதின்மூன்று நாள்களுக்குச் செலாவணி கோரியது. உடன் இணைத்திருந்த அழைப்புக் கடிதத்தின்படி பணி 19ஆம் தேதியே முடிந்தது. எஞ்சிய மூன்று நாள்கள் எதற்கு என்று கேட்டேன். சற்றுத் தயங்கினார். "பதினோரு முறை போயிருக்கிறேன் சார். தொழிற்சாலையும் விடுதி அறையும் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. இது கடைசிப் பயணம். வீட்டம்மாவுக்குச் சிவந்த இலைகளைக் காட்ட வேண்டும் என்று ஆசை" என்றார்.

அவரது ஆசையில் எவ்விதத் தவறும் இல்லை. கடிதத்தில்தான் தவறு இருந்தது.

நிறுவனம் ஒருவரை அலுவலுக்காக அனுப்பிச் செலவையும் தானே ஏற்கும்போது, அச்செலவு எல்.ஆர்.எஸ். எனப்படும் தாராளமயப் பணமனுப்பல் திட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. பயணம் உண்மையானது என்று வங்கி சரிபார்த்துக்கொண்டால் போதும், உச்சவரம்பு கிடையாது. தனிமனிதர் தம் விருப்பத்திற்காகச் செய்யும் செலவு வேறு வகையைச் சேர்ந்தது. அது எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் என்ற வரம்புக்குள் அவரது பான் எண்ணில் பதிவாக வேண்டும். பத்து நாள்கள் முதல் வகை. மூன்று நாள்கள் இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் வங்கிக்குத் தரப்படும் உறுதிமொழியே பொய்யாகிவிடுகிறது. மூன்று நாள் விடுதி வாடகை சிறு தொகைதானே என்று பலர் கேட்கின்றனர். ஓய்வுபெறும் ஆண்டில் தணிக்கையாளர் எழுப்பும் கேள்வி தொகையின் அளவைப் பார்ப்பதில்லை. பணிக்கொடையும் பிற பயன்களும் கைக்கு வரவேண்டிய வேளையில் ஒரு விளக்கக் குறிப்பாணை எத்தகைய சங்கடம் என்பதை அலுவலகம் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வருமானவரிப் பக்கமும் ஒன்றுண்டு. அலுவல் பயணத்தை விடுமுறையாக நீட்டி, அந்த நீட்டிப்புச் செலவையும் நிறுவனமே ஏற்றால், நீட்டித்த நாள்களுக்கான செலவு ஊழியருக்குக் கிடைத்த சலுகையாகக் கருதப்பட்டு வரிக்குட்பட்ட வருமானத்தில் சேரும். அலுவல் நாள்களுக்கான செலவுக்கு இது பொருந்தாது. உடன் வரும் துணைவியாரின் செலவை நிறுவனம் ஏற்றாலும் இதே நிலைதான். ஆகவே பிரிவினைக் கோடு எங்கே விழுகிறது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்வது ஊழியருக்கே பாதுகாப்பு.

நான் சொன்ன திருத்தம் எளியது. அலுவல் நாள்கள் 10 முதல் 19 வரை, அதன்பின் மூன்று நாள்கள் சொந்த விடுப்பு, திரும்பும் பயணச்சீட்டின் கட்டண வேறுபாடு ஊழியருடையது என்று நிறுவனம் புதிய கடிதம் தர வேண்டும். இரண்டே நாளில் அக்கடிதம் கிடைத்தது. அவர் அஞ்சியதுபோல் மேலாளர் மறுக்கவில்லை. கேட்கப்படாததால்தான் அதுவரை அனுமதி வழங்கப்படாமல் இருந்தது.

அடுத்து அட்டைகள். நிறுவனத்தின் பணம் ஏற்றிய பயண அட்டை ஒன்று; சொந்தப் பணத்தில் யென் ஏற்றிய அட்டை மற்றொன்று. 19ஆம் தேதி இரவோடு முதல் அட்டையைப் பெட்டியின் அடியில் வைத்துவிட வேண்டும். துணைவியாருக்குத் தனிப் பான் இருந்ததால் அவர் பெயரில் மூன்றாவது அட்டையும் வழங்கினோம். எல்.ஆர்.எஸ். வரம்பு குடும்பத்துக்கு ஒன்றன்று, ஆளுக்கு ஒன்று என்பதைப் பலர் அறிவதில்லை. ரொக்கத்தைப் பொறுத்தவரை ஒரு பயணத்திற்கு 3,000 டாலருக்கு ஈடான நோட்டுகள் வரை பெறலாம்.

டி.சி.எஸ். எனப்படும் மூலத்தில் வசூலிக்கும் வரியைப் பற்றி அவர் கவலைப்பட்டார். 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரையிலான எல்.ஆர்.எஸ். தொகைக்கு அவ்வரி இல்லை. ஆனால் அந்தப் பத்து லட்சம் எல்லா நோக்கங்களுக்கும் சேர்த்தே கணக்கிடப்படும். வெளிநாட்டில் படிக்கும் மகனுக்கு அதே ஆண்டில் அனுப்பிய தொகையும் அதற்குள் அடங்கும். இந்தியாவிலுள்ள முகவரிடம் சுற்றுலாவை முழுத் தொகுப்பாக வாங்கினால் இந்த விலக்கு கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே வரி உண்டு. அதன் வீதம் நிதிநிலை அறிக்கைதோறும் மாறக்கூடியதாகையால் வாங்கும் நாளில் கேட்டறிக. வசூலான வரி வீணாவதில்லை, ஆண்டுக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்பது உண்மைதான். எனினும் அதுவரை பணம் நம் கையில் இல்லை.

நுழைவிசைவு பற்றி ஒரு சொல். ஜப்பானின் குறுகியகாலத் தங்கல் என்ற வகையில் வணிகச் சந்திப்பும் சுற்றிப் பார்த்தலும் இரண்டுமே அடங்கும். ஊதியம் பெறும் வேலை மட்டுமே கூடாது. விண்ணப்பத்தோடு தரும் நாள்வாரி அட்டவணையில் கியோட்டோ நாள்களையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். எல்லா நாடுகளின் நுழைவிசைவும் இத்தகைய இடம் தருவதில்லை என்பதால் ஒவ்வொரு நாட்டுக்கும் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனம் எடுத்த பயணக் காப்பீடு பெரும்பாலும் அலுவல் நாள்களோடு நின்றுவிடும். மூன்று நாளுக்கான நீட்டிப்பைச் சொந்தச் செலவில் எடுத்துக்கொள்ளுமாறு வற்புறுத்தினேன். அறுபதை நெருங்கும் இருவருக்கு இதில் சிக்கனம் பார்க்கலாகாது.

இனி இலைகளுக்கு வருவோம். வசந்தத்தில் செர்ரி மலர்ச்சி தெற்கிலிருந்து வடக்கே ஏறும். இலையுதிர்காலமோ வடக்கிலிருந்து தெற்கே, மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும். ஹொக்கைடோவின் தைசெட்சு மலைகளில் செப்டம்பரிலேயே சிவப்பு தொடங்கிவிடுகிறது. டோக்கியோவுக்கு வடக்கே நிக்கோவின் உயரப் பகுதிகளில் அக்டோபர். கியோட்டோவில் நவம்பரின் பிற்பாதி முதல் டிசம்பர் தொடக்கம் வரை. இரவு குளிர்ந்து பகல் வெயிலாக இருந்தால் இலையின் பச்சையம் சிதைந்து மேப்பிளில் சிவப்பு நிறமி சேர்கிறது. கிங்கோ மரத்தில் முன்பே இருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. எனவே அலுவல் தேதி நம் கையில் இல்லாவிட்டாலும், எந்த உயரத்தைத் தேடிப் போவது என்பது நம் கையில்தான் உள்ளது. அக்டோபர் நடுவில் பணி முடிகிறவர் கியோட்டோவுக்குப் போனால் பச்சை இலைகளையே பார்ப்பார்.

நம் பொறியாளரின் தேதிகள் நல்வாய்ப்பாகப் பொருந்தின. நவம்பர் 23 ஜப்பானில் தொழிலாளர் நன்றி நாள். 2025இல் அது ஞாயிற்றுக்கிழமையானதால் திங்களும் விடுமுறை. சனி முதல் மூன்று நாள்கள் கியோட்டோவில் நிற்க இடமிராது. வியாழன் 20, வெள்ளி 21 இரு நாள்களும் கியோட்டோ, சனி மாலை ஒசாகாவிலிருந்து விமானம் என்று வகுத்துக்கொண்டதால் அந்தக் கூட்டத்தின் முன்னோட்டத்தோடு தப்பித்தனர்.

ரயில் அனுமதிச்சீட்டு வாங்கலாமா என்று கேட்டார். ஜப்பான் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் பெரிதும் விலை உயர்ந்தது; ஏழு நாளுக்கான சாதாரண வகுப்புச் சீட்டு 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாயிற்று. நகோயாவிலிருந்து கியோட்டோவுக்கு நோசோமி அதிவேக ரயிலில் சுமார் 35 நிமிடம், கட்டணம் சுமார் 6,000 யென். ஒரு வழி மட்டும் போகிறவருக்குப் பாஸ் வெறும் நட்டம். இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்யாமலே பாஸ் வாங்குவோர் இன்றும் பலர் இருப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

அலுவல் நாள்களிலேயே அவருக்கு ஒரு மாலை வாய்த்தது. டொயோட்டா நகரின் அசுகே பகுதியில் கொரான்கெய் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. 1634இல் சானெய் என்ற பௌத்தத் துறவி நடத் தொடங்கிய மேப்பிள் மரங்கள் இன்று ஏறத்தாழ 4,000 என்று பெருகித் தொமோவே ஆற்றங்கரையில் நிற்கின்றன. நவம்பரில் இரவு விளக்கு ஏற்றுகின்றனர். அம்மாதப் பிற்பகுதியில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் நாட்டில், பணி முடிந்து செல்பவருக்கு இத்தகைய விளக்கொளிக் காட்சிகளே துணை. கியோட்டோவின் எய்கான்தோ, கியோமிசு ஆலயங்களிலும் இவ்வசதி உண்டு. தொஃபுகுஜியின் மரப்பாலத்துக்கு மட்டும் காலையில் கதவு திறக்கும் நேரத்திலேயே சென்றுவிட வேண்டும்.

கோயில் நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 500 முதல் 1,000 யென் வரை இருக்கும். பல இடங்களில் ரொக்கமே கேட்பர். கடைகளில் அட்டையை நீட்டும்போது, யென்னிலா ரூபாயிலா என்று கருவி கேட்டால் யென் என்றே சொல்ல வேண்டும். ரூபாய் என்றால் கடைக்காரரின் மாற்று விகிதம் நுழைந்துவிடும். செலாவணிப் பிரிவில் அமர்ந்திருக்கும் நானே ஒருமுறை வெளிநாட்டுக் கடையொன்றில் பழக்கதோஷத்தால் ரூபாயை அழுத்திச் சில சதவீதம் இழந்தேன். வீட்டில் அதை இன்னும் சொல்லிக் காட்டுகின்றனர். சைவ உணவினர்க்கு மற்றோர் எச்சரிக்கை: காய்கறிச் சாறு என்று தருவதிலும் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும்.

டிசம்பர் முதல் வாரத்தில் அவர் துணைவியாரோடு கிளைக்கு வந்தார். நிறுவன அட்டையின் மீதம் நிறுவனக் கணக்குக்கே திரும்பியது. சொந்த அட்டையில் இருந்த மீதத்தை, திரும்பிய நாளிலிருந்து 180 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி நினைவிருந்ததால் உடனே ரூபாயாக்கிக்கொண்டார். நோட்டுகளாகச் சிறிது வைத்துக்கொள்ளலாம், 2,000 டாலர் மதிப்பு வரை தடையில்லை என்றேன். இனி எங்கே போகப் போகிறேன் என்று சிரித்தார். அம்மையார் உடனே, அடுத்த ஆண்டு அக்டோபரில் நிக்கோ என்று முடிவாகிவிட்டதே, நோட்டைக் கொடுக்காதீர்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பத்தாயிரம் யென் நோட்டுகள் இரண்டு பணப்பைக்குள் திரும்பிச் சென்றன. மேசைமேல் குவித்த நாணயங்களை மட்டும் நாங்கள் வாங்க இயலாது. அவற்றை விமான நிலையத்திலேயே செலவழித்திருக்க வேண்டும்.