தறியோசை ஓய்ந்த பின்னர்

பண்டிகைக் காலத்தில் பேரங்காடிகளில் அடுக்கி வைக்கப்படும் ஊதா நிற மிட்டாய் டப்பாவைப் பலரும் பார்த்திருப்பர். வண்ணத்தாள்களில் சுற்றிய சாக்லேட்டுகள் தீர்ந்த பின்னரும் அந்த டப்பா எளிதில் வீட்டை விட்டுப் போவதில்லை. சில வீடுகளில் அதனுள் முறுக்கு இருக்கும். சில வீடுகளில் ஊசி, நூல், பொத்தான்கள் இருக்கும். மூடியின்மேல் 'குவாலிட்டி ஸ்ட்ரீட்' என்று எழுதப்பட்டிருக்கும். இந்த மிட்டாய் பிறந்த ஊர் இங்கிலாந்தின் வடபகுதியில், மேற்கு யார்க்‌ஷியரில் உள்ள ஹாலிஃபாக்ஸ் நகரம். டப்பாவுக்குள் நூல் இருப்பது ஒரு வகையில் பொருத்தமே. மிட்டாய் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த ஊரை வளர்த்தது கம்பளி நூல்தான்.

ஹாலிஃபாக்ஸ், பென்னைன் மலைச்சரிவில் அமைந்துள்ளது. அங்குள்ள மண் வளமற்றது; மழையும் குளிரும் மிகுதி. பயிர்த்தொழிலை மட்டும் நம்பி அங்கு வாழ இயலாது. ஆனால், மேட்டுப் புல்வெளிகளில் ஆடு வளர்க்கலாம். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் மென்னீர் ஓடுகிறது. அந்நீர் கம்பளியைக் கழுவவும் சாயமேற்றவும் மிகவும் ஏற்றது. ஆகவே, சிறிதளவு நிலம் வைத்திருந்த குடும்பங்கள் வீட்டுக்குள் தறியும் வைத்திருந்தன. சிறுவர்கள் கம்பளியைச் சிக்கெடுத்தனர், பெண்கள் நூல் நூற்றனர், ஆண்கள் நெய்தனர். 'ராபின்சன் குரூசோ' கதையை எழுதிய டேனியல் டிஃபோ, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வட்டாரத்தின் வழியே பயணம் செய்தார். சரிவெங்கும் வீடுகள் சிதறிக் கிடந்ததையும் ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டின் வெளியிலும் துணி உலர்ந்துகொண்டிருந்ததையும் அவர் வியப்போடு பதிவுசெய்துள்ளார். வெளியில் ஆள் நடமாட்டமே இல்லையாம். கதவைத் தட்டி உள்ளே சென்றால், வீடு நிறைய ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்களாம்.

திறந்த வெளியில், மரச் சட்டங்களில் இழுத்துக் கட்டி உலரவைத்த துணியைத் திருடுவது எளிது. அதனால்தான் ஹாலிஃபாக்ஸின் சட்டமும் கொடியதாக இருந்தது. பதின்மூன்றரைப் பென்னி அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடியவருக்குத் தலையை வெட்டும் தண்டனை விதிக்கப்பட்டது. அதற்கென உயரமான மரச் சட்டத்தில் கோடரி பொருத்திய கருவியொன்று ஊரில் நின்றது. பிரெஞ்சுப் புரட்சியின்போது பேர்பெற்ற கில்லட்டினுக்கு அது நெடுங்காலம் முற்பட்டது. 1650ஆம் ஆண்டோடு அக்கருவியின் வேலை முடிந்தது. ஒரு துண்டுத் துணிக்கு ஓர் உயிர் என்பது எக்காலத்திலும் நியாயம் ஆகாது. எனினும், அந்த மலைமக்களுக்குத் துணி என்பது வெறும் துணியன்று, அடுத்த வாரத்துச் சோறு என்பதை இக்கொடுமை காட்டிவிடுகிறது.

நெசவாளர் ஒருவர் நெய்து முடித்துத் தறியிலிருந்து இறக்கும் முழு நீளத் துணிக்குப் 'பீஸ்' என்று பெயர். அதன் நீளம் ஏறத்தாழ 30 கெஜம். அத்தகைய துணிகளை விற்பதற்காகவே கட்டப்பட்ட மாபெரும் சந்தைக் கட்டடம்தான் 'பீஸ் ஹால்'. அது 1779ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் திறக்கப்பட்டது. நடுவில் பரந்த முற்றம். நாற்புறமும் தூண் வரிசைகள். தூண்களுக்குப் பின்னால் 315 சிறிய அறைகள். நிலம் சரிவாக இருப்பதால் கட்டடத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு அடுக்குகளும் எதிர்ப்பக்கத்தில் மூன்று அடுக்குகளும் உள்ளன. ஆனால், மேற்கூரை மட்டும் ஒரே மட்டத்தில் ஓடுகிறது. முற்றத்தில் நின்று பார்ப்பவர் அதனை ஓர் அரண்மனை என்றே எண்ணுவார்.

வணிகம் சனிக்கிழமை மட்டுமே நடைபெற்றது. அதுவும் காலை பத்து மணி முதல் நண்பகல் பன்னிரண்டு மணி வரைதான். மணி ஒலித்ததும் விற்பனை தொடங்கும். மீண்டும் ஒலித்ததும் முடிந்துவிடும். மலைப்பாதையில் துணியைச் சுமந்து வந்த ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். குடும்பமே சேர்ந்து பல நாள் உழைத்த உழைப்புக்கு அந்த இரண்டு மணி நேரத்தில்தான் விலை கிடைக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய மண்டபத்தைக் கட்டியவர்கள், கைத்தறி நெசவு பல தலைமுறைகளுக்கு நிலைத்திருக்கும் என்று நம்பியிருக்க வேண்டும். ஆனால், அது திறக்கப்பட்டபோதே காலம் மாறத் தொடங்கியிருந்தது. நீர்ச்சக்தியாலும் பின்னர் நீராவியாலும் இயங்கும் இயந்திரங்கள் வந்தன. நூற்பும் நெசவும் வீட்டை விட்டு ஆலைக்குள் நுழைந்தன. ஆலை முதலாளிகளுக்குச் சனிக்கிழமைச் சந்தை தேவைப்படவில்லை. அவர்கள் வணிகர்களிடம் நேரடியாகவே விற்றனர். சில பத்தாண்டுகளிலேயே பீஸ் ஹால் களையிழந்தது. 1871ஆம் ஆண்டு முதல் அது மீன், பழம், காய்கறி விற்கும் மொத்தச் சந்தையாயிற்று. துணி விரித்த இடத்தில் முட்டைக்கோசுக் கூடைகள் அடுக்கப்பட்டன.

நகரின் புதிய நடுவிடம் டீன் கிளஃப் என்னும் பள்ளத்தாக்கு. அங்கே ஜான் கிராஸ்லி 1803ஆம் ஆண்டில் ஓர் ஆலையைக் குத்தகைக்கு எடுத்துக் கம்பளத் தொழிலைத் தொடங்கினார். அவருடைய மனைவி மார்த்தா, விடியுமுன் எழுந்து வேலைக்குச் சென்ற உழைப்பாளி. தங்களுக்குச் செல்வம் சேர்ந்தால் அதில் ஏழைகளுக்கும் பங்கு உண்டு என்று அவர் உறுதி பூண்டதாகக் கூறுவர். மகன்கள் காலத்தில் நீராவியால் இயங்கும் கம்பளத் தறி வந்தது. ஆலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஏறத்தாழ 800 மீட்டர் நீளத்துக்கு வளர்ந்தன. உச்சகட்டத்தில் அங்கே ஏறக்குறைய 5,000 பேர் வேலை பார்த்தனர். உலகின் மிகப் பெரிய கம்பள ஆலைகளுள் ஒன்றாக அது திகழ்ந்தது. மார்த்தாவின் மகன்களுள் ஒருவரான ஃபிரான்சிஸ், 1857ஆம் ஆண்டில் நகர மக்களுக்கு 'மக்கள் பூங்கா'வை வழங்கினார். அப்பூங்கா இன்றும் உள்ளது.

அதே காலத்தில் பத்து வயதுப் பிள்ளைகளும் ஆலைக்குச் சென்றனர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அரை நாள் ஆலை. அரை நாள் பள்ளி. அப்படிப் பருத்தி ஆலையில் வேலை தொடங்கிய சிறுவர்களுள் ஒருவர் ஜான் மெக்கின்டாஷ். 1890ஆம் ஆண்டில் அவரும் மனைவி வயலெட்டும் ஹாலிஃபாக்ஸில் ஒரு சிறிய பலகாரக் கடையைத் திறந்தனர். அக்காலத்து ஆங்கிலேய 'டாஃபி' கடித்தால் பல் உடையும் அளவு கெட்டியானது. அமெரிக்கக் கேரமலோ மிகவும் மென்மையானது. வயலெட் இரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தைக் கண்டுபிடித்தார். அந்தப் பதம்தான் கடையைத் தொழிற்சாலையாக்கியது. அவர்களின் மகன் ஹெரால்ட், 1936ஆம் ஆண்டில் குவாலிட்டி ஸ்ட்ரீட்டை அறிமுகப்படுத்தினார். பெட்டிச் சாக்லேட் என்பது அதுவரை வசதியுள்ளவர்களின் பொருளாகவே இருந்தது. உழைக்கும் குடும்பங்களும் வாங்கக்கூடிய விலையில், தனித்தனித் தாளில் சுற்றி, தகர டப்பாவில் தருவது என அவர் முடிவெடுத்தார். 'பீட்டர் பான்' கதையைப் படைத்த ஜே. எம். பாரி எழுதிய நாடகம் ஒன்றின் தலைப்பே மிட்டாய்க்குப் பெயராயிற்று.

நகரைச் சுற்றிப் பார்ப்பவர் கண்ணில் படும் விந்தையான கட்டடம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். வெயின்ஹவுஸ் கோபுரம் என்னும் அது, சாயப்பட்டறை ஒன்றின் புகையை ஊருக்கு மேலே கொண்டுசெல்லக் கட்டத் தொடங்கிய புகைபோக்கி. உயரம் 77 மீட்டர். ஆனால், கட்டி முடியுமுன்பே பட்டறை கைமாறியது. புதிய உரிமையாளர் அதற்குச் செலவு செய்ய மறுத்துவிட்டார். எனவே, 1875ஆம் ஆண்டில் உச்சியில் அழகிய வேலைப்பாடுகளுடன் அது வெறும் கோபுரமாகவே நிறைவு பெற்றது. ஒரு நாள்கூட அதிலிருந்து புகை வரவில்லை. 400க்கும் மேற்பட்ட படிகளில் ஏறினால் நகரம் முழுவதையும் காணலாம். பயனற்றது என்று கைவிடப்பட்ட ஒன்று ஊரின் அடையாளமாவது ஹாலிஃபாக்ஸுக்குப் புதிதன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஆலைகளுக்கு ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. பாகிஸ்தானிலிருந்து, குறிப்பாக மிர்பூர் வட்டாரத்திலிருந்து, பலர் வந்து சேர்ந்தனர். 1960களில் அங்கு மங்களா அணை கட்டப்பட்டபோது, இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு இழந்தனர். அவர்களுள் பலர் இங்கிலாந்தின் நெசவு நகரங்களை நாடினர். உள்ளூரார் விரும்பாத இரவு வேலை பெரும்பாலும் அவர்களுக்கே கிடைத்தது. ஆயினும், அந்த வேலையும் நிலைக்கவில்லை. வெளிநாட்டுத் துணிகளோடும் புதிய வகைக் கம்பளங்களோடும் போட்டியிட முடியாமல் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் டீன் கிளஃபிலும் தறிகள் நின்றன.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பீஸ் ஹாலுக்கும் ஆபத்து வந்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் மொத்தச் சந்தையும் அங்கிருந்து வெளியேறியது. கரி படிந்த, பாழடைந்த கட்டடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. நகர மன்றத்தில் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில்தான் அது பிழைத்தது என்று அந்நகரத்தார் இன்றும் கூறுவர். சீர்செய்யப்பட்டு 1976ஆம் ஆண்டில் அது மீண்டும் திறக்கப்பட்டது.

டீன் கிளஃபின் கதை வேறு. வெறுமையாகிப்போன அந்த ஆலைகளை 1983ஆம் ஆண்டில் எர்னஸ்ட் ஹால் தம் குழுவினரோடு வாங்கினார். அவர் ஆலைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். துணித்தொழிலில் வெற்றி பெற்றவர். தேர்ந்த பியானோ கலைஞரும்கூட. தொழில், கலை, கல்வி மூன்றும் ஒரே கூரையின்கீழ் இயங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அலுவலகங்கள் வாடகை தந்தன. அவற்றின் அருகிலேயே ஓவியர்களும் சிற்பிகளும் பட்டறை அமைத்தனர். ஓவியக்கூடங்களும் நாடக அரங்கமும் உருவாயின.

அங்கே இடம்பெற்ற 'நார்தர்ன் பிராட்சைட்ஸ்' நாடகக் குழுவைத் தனியே குறிப்பிடலாம். ஹல் துறைமுகத்தில் மீன் தொழிலாளியின் மகனாகப் பிறந்த பேரி ரட்டர் 1992ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் மன்னர்கள் இலண்டன் மேட்டுக்குடியினரைப்போலவே பேச வேண்டும் என்பது அதுவரை எழுதப்படாத விதியாக இருந்தது. வடபகுதி உச்சரிப்பு உடையவர்களுக்குக் காவலாளி, வேலைக்காரன் போன்ற வேடங்களே கிடைத்தன. ரட்டரின் குழுவில் மன்னனும் அரசியும் தங்கள் சொந்த ஊர் உச்சரிப்பிலேயே பேசினர். வீட்டில் ஒரு வகையாகவும் மேடையில் வேறு வகையாகவும் பேசிப் பழகிய எவருக்கும் அது எத்தகைய மாற்றம் என்பது புரியும்.

இதனால் எல்லாரும் வாழ்வு பெற்றார்கள் என்று கூறிவிட முடியாது. கம்பளம் நெய்தவர் மறுநாளே ஓவியக்கூடத்தில் வேலைக்குச் சேரவில்லை. ஆலை மூடியபோது நடுத்தர வயதில் இருந்தவர்களுக்கு, புதிய ஹாலிஃபாக்ஸ் தாமதமாகவே வந்தது. பீஸ் ஹாலை மறுபடியும் புதுப்பிக்க 19 மில்லியன் பவுண்டு செலவானது. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அது மூடிக் கிடந்தது. இவ்வளவு பணம் ஒரு பழைய கட்டடத்துக்குத் தேவைதானா என்பது நியாயமான கேள்வியே. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள், யார்க்‌ஷியர் தினத்தன்று, அதன் கதவுகள் திறந்தன. இன்று அந்த அறைகளில் கைவினைஞர்களின் கடைகளும் உணவகங்களும் உள்ளன. கோடைக்கால இரவுகளில் முற்றத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி இசை கேட்கின்றனர். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த 'சீக்ரெட் இன்வேஷன்' தொடரில் இதே முற்றம் மாஸ்கோ நகரமாகத் தோன்றியது.

பீஸ் ஹாலை ஒட்டியே கால்டர்டேல் தொழில் அருங்காட்சியகம் உள்ளது. நிதியின்றிப் பல்லாண்டு மூடிக் கிடந்த அதனைத் தன்னார்வலர்கள் 2017ஆம் ஆண்டில் மீண்டும் திறந்து நடத்தி வருகின்றனர். கைத்தறியும் நூற்பு இயந்திரமும் விசைத்தறியும் அங்கே உள்ளன. விசைத்தறி ஒன்றை முடுக்கினாலே அருகில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூடத்தில் ஓடிய காலத்தில், நெசவாளர்கள் ஒருவர் உதட்டசைவை மற்றவர் பார்த்தே பேசிக்கொண்டனர். அருங்காட்சியகம் பெரும்பாலும் திறந்திருப்பது சனிக்கிழமைகளில். முன்பு மலையிலிருந்து துணி மூட்டைகள் இறங்கி வந்த அதே நாளில், தன்னார்வலர் ஒருவர் தறியின் விசையை அழுத்துகிறார். பார்க்க வந்த பிள்ளைகள் காதுகளைப் பொத்திக்கொள்கின்றனர்.