குளத்து மீன் வாங்கலாமா?

கேள்வி: சாக்கடை கலக்கும் குளத்தில் பிடித்த மீனை மஞ்சள், உப்பு போட்டு அலசினால் போதாதா? – வாசகி, கோவை

பதில்: அலசினால் கவிச்சி போகும், ஈயமும் காட்மியமும் போகாது. அவை சதையைவிட ஈரல், சிறுநீரகம், செவுளில்தான் அதிகம் சேரும். குடல், செவுளை ஒட்ட எடுத்துவிடுங்கள். தலைக்கறிப் பிரியர்கள் இந்த மீனுக்கு மட்டும் விரதம் இருக்கட்டும்! பாதரசம் வேறு ரகம். சதைப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, கொதிக்கிற குழம்பிலும் அசையாது. சிறுமீன்களைத் தின்று பெருத்த விராலில் அது கூடுதல். அதற்காக மீனையே விட்டுவிடாதீர்கள்: 100 கிராம் ரோகு சதையில் சுமார் 17 கிராம் புரதம், கொழுப்போ கொஞ்சம்தான். பக்கத்தில் ஆழியாறு அணை மீன் கிடைக்கும்போது சாக்கடைக் குளத்து மீனிடம் பேரம் எதற்கு?