தீப் பாதுகாப்புச் சான்றிதழ்: செலவும் பயனும்

விளக்கு, கற்பூரம், ஓமம், பூக்குழி என்று நெருப்போடு நாள்தோறும் பழகுபவர்கள் நாம். அதே நெருப்பு 1997ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலைப் பற்றி, நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இங்கே 1972இல் ராஃபிள்ஸ் பிளேசில் இருந்த ராபின்சன்ஸ் கடை எரிந்து 9 பேர் மாண்டபோது நான் பள்ளி மாணவன். மறுநாள் அப்பா செய்தித்தாளை உரக்கப் படித்தது இன்றும் காதில் ஒலிக்கிறது.

சென்ற ஆண்டு நம் ஆலயத் தொண்டர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டு வந்தார். என்னிடம் தமிழ் படித்தவர், வயது 42, கட்டடம் ஒன்றில் பாதுகாவலர். "சார், தீப் பாதுகாப்பு மேலாளர் படிப்புப் படிக்கலாமா?" என்றார். "படி தம்பி, படிப்பு வீண்போகாது" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். உடன் வந்திருந்த அவர் மனைவி மெல்லக் கேட்டார்: "வீண்போகாதுதான் சார். ஆனா வீட்டுக் கடன் காத்திருக்குமா?"

அக்கேள்வி என்னைத் தலைகுனிய வைத்தது. மூவரும் உட்கார்ந்து, ஒரு தாளில் கோடு போட்டு, ஒருபுறம் செலவும் மறுபுறம் பயனும் எழுதினோம். அதைப் பிறருக்கும் பயன்படும் என்று இங்கே தருகிறேன்.

முதலாவது, எந்தச் சான்றிதழ் என்பதில் தெளிவு வேண்டும். 200 பேருக்கு மேல் கூடும் பொதுக் கட்டடங்கள் ஆண்டுதோறும் பெறவேண்டிய தீப் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டடத்துக்குரியது. தீப் பாதுகாப்பு மேலாளர் சான்றிதழ் மனிதருக்குரியது. 1,000 பேரும் அதற்கு மேலும் கூடும் பொதுக் கட்டடங்களுக்கு இத்தகைய மேலாளர் இருக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே இவ்வேலைக்கு என்றும் தேவை உண்டு.

இரண்டாவது, செலவு. கட்டணம் மட்டும் செலவன்று. இழக்கும் கூடுதல் நேரச் சம்பளம், பிள்ளைகளோடு இருக்கமுடியாத மாலைப்பொழுதுகள் இவற்றையும் கூட்டவேண்டும். அதேவேளை, 40 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு அரசாங்க ஆதரவு பெற்ற பல பயிற்சிகளில் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கழிவு உண்டு. 2024 மே மாதம் அவர்களுக்கு வழங்கப்பட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகையும் உண்டு. ஆனால் அது எல்லாப் படிப்புக்கும் செல்லாது. பணம் கட்டுமுன் கேட்டறிவது அவசியம்.

மூன்றாவது, பயன். சான்றிதழ் கதவைத் தட்ட உதவும், திறந்துவிடாது. அவசரகாலத் திட்டம் வகுப்பது, வெளியேறும் பயிற்சி நடத்துவது, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது எல்லாம் மேலாளர் கடமை. எனவே ஒரு மாத காலம் வேலை விளம்பரங்களைச் சேகரித்து, என்ன அனுபவம் கேட்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். பெரும்பாலானவை கட்டடப் பராமரிப்பு அனுபவத்தைக் கேட்டன. அது அவரிடம் இல்லை.

நான்காவது, முதலாளியிடம் கேட்பது. கூச்சத்தால் நம்மவர் பலர் கேட்பதில்லை. இவர் கேட்டார். வகுப்பு நாள்களில் வேலை நேரத்தை மாற்றித்தர ஒப்புக்கொண்டனர்.

அவர் படித்துத் தேறினார். உடனே மேலாளர் ஆகிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். எட்டு மாதங்களில் அனுப்பிய விண்ணப்பங்கள் எதுவும் கைகூடவில்லை. பின்னர் தம் கட்டடத்திலேயே தீப் பாதுகாப்பு மேலாளருக்கு உதவியாளராக அமர்த்தப்பட்டார். சம்பள உயர்வு சிறிதுதான். ஆனால் விளம்பரங்கள் கேட்ட அனுபவம் இப்போது சேர்ந்துவருகிறது. கழிவு கிடைத்ததால் வீட்டுக் கடன் தவணை ஒன்றும் தவறவில்லை என்று அவர் மனைவி சொன்னபோதுதான் என் மனம் ஆறியது.

இவ்வாண்டுத் திருவிழாவுக்கு முன் அவர் நம் ஆலயத்தைச் சுற்றிவந்தார். பின்வாசலை அடைத்திருந்த நாற்காலிகளை அகற்றச் சொன்னார். விளக்கருகே அடுக்கியிருந்த எண்ணெய் டின்களை இடம் மாற்றினார். பல்லாண்டுகளாக அவ்வழியே நடந்த என் கண்ணுக்கு அவை படவே இல்லை. நாங்கள் கோடு போட்ட தாளில் இந்தப் பயனை எழுத மறந்திருந்தோம்.

படிக்கலாமா என்று தயங்கும் அன்பர்களே, கணக்குப் பார்ப்பது கோழைத்தனம் அன்று. குடும்பத்தோடு அமர்ந்து, கணக்குப் பார்த்துவிட்டுத் துணிந்து படியுங்கள். பின்வாசல் திறந்திருக்கிறதா என்று இன்றே பார்ப்பதற்கு மட்டும் எந்தச் சான்றிதழும் வேண்டியதில்லை.