தடுப்பூசிக்குப் பின் கண் சிவந்தால்

தடுப்பூசி போட்ட சில நாட்களில் கண் சிவந்தால் நம் வீடுகளில் இருவிதப் பேச்சு எழும். "ஊசியின் கோளாறு, இனி ஊசியே வேண்டாம்" என்பார் ஒருவர். "வெறும் மெட்ராஸ் ஐ" என்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்குவார் மற்றொருவர். இரண்டும் தவறு.

2023 ஜூலையில் மெட்ராஸ் ஐ தில்லியெங்கும் பரவியது அன்பர்களுக்கு நினைவிருக்கும். அதில் கண் உறுத்தும், பீளை கட்டும். பார்வை பெரும்பாலும் கெடாது. யுவைட்டிஸ் என்னும் உட்கண் அழற்சி வேறு. அதில் பீளை இராது. கண் வலிக்கும், வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். கவனியாது விட்டால் கண்புரை, கண் அழுத்த நோய் என முற்றும்.

2021 ஜனவரி 16-இல் நம் நாட்டில் தொடங்கிய கொரோனா தடுப்பூசிக்குப் பின் சிலருக்கு இவ்வழற்சி கண்டது. போடப்பட்டவை 220 கோடி ஊசிகளுக்கு மேல். இப்பாதிப்போ மிக அரிது. பெரும்பாலோர் சிகிச்சையில் குணமடைந்தனர்.

ஒரு ரயில் போன பின் தண்டவாளத்தில் விரிசல் கண்டால், அந்த ரயிலே காரணம் என்று நாங்கள் எழுதிவிட மாட்டோம். பழைய குறையா, குளிரில் இரும்பு சுருங்கியதா என்று சோதிப்போம். கண்ணும் அப்படித்தான். காசநோய், மூட்டுவாதம், அக்கி ஆகியவற்றாலும் யுவைட்டிஸ் வரும்.

எனவே வலியும் மங்கலும் இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். கோல் மார்க்கெட்வாசிகளுக்கு ராம் மனோகர் லோஹியா மருத்துவமனை அருகிலேயே உள்ளது. ஊசியின் பெயர், தேதி இரண்டையும் சொல்லுங்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தாமாகப் போடவேண்டாம். அக்கிக் கிருமி இருந்தால் கருவிழியே புண்ணாகிவிடும். அடுத்த ஊசி வேண்டுமா என்பதையும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.