தேநீரும் உடல்நலமும்

வடபுலத்துக் குளிர்காலத்தில் ஆவி பறக்கும் தேநீர் இல்லாமல் பல இல்லங்களில் பொழுது விடிவதில்லை. நீலகிரியிலும் வால்பாறையிலும் கொய்த கொழுந்தும் அக்குவளையில் கலந்திருக்கக்கூடும்.

தேயிலையில் உள்ள காஃபின் சோர்வை நீக்கி ஊக்கம் தருகிறது. ஆயினும், மாலை கழிந்தபின் பருகினால் அதுவே உறக்கத்தைக் கெடுக்கிறது. 150 மில்லிலிட்டர் தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை காஃபின் உண்டு. சிறுவர் உடலுக்கு இது சிறிய அளவன்று.

தேநீருக்குத் துவர்ப்பைத் தரும் டானின் மற்றொரு செயலையும் செய்கிறது. கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தோடு அது குடலில் பிணைந்துகொள்கிறது. அதனால் உண்ட உணவிலுள்ள இரும்புச்சத்து முழுமையாக உடலில் சேர்வதில்லை. இக்குறை நீடித்தால் இரத்தசோகை உண்டாகலாம், களைப்பு மிகும், பாடத்தில் மனம் ஊன்றாது. வளரிளம் பெண்களுக்கு இரும்புச்சத்து மிகுதியாகத் தேவைப்படுவதால் அவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கினால் அதன் பயனும் குறையும்.

ஆகவே, உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீரைத் தவிர்க்குமாறு ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அறிவுறுத்துகிறது. உணவோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால், அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை உடல் ஏற்கத் துணைபுரியும்.

சர்க்கரையும் சூடும் கருதத்தக்கவை. குவளைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நான்கு குவளை பருகுவோர் நாளொன்றுக்கு எட்டுக் கரண்டிச் சர்க்கரை உட்கொள்கின்றனர். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைப் பருகுவது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் அறிவித்தது.

தேநீர் பகையன்று, அளவும் காலமும் அறிந்து பருகுவோர்க்கு அது இனிய துணையே.

அருஞ்சொற்பொருள்
கொழுந்து – இளந்தளிர்
இரத்தசோகை – குருதியில் ஹீமோகுளோபின் குறைந்த நிலை
பாகை – வெப்ப அளவின் அலகு

வினாக்கள்
1. உணவோடு தேநீர் பருகுவதால் விளையும் குறை யாது?
2. ‘சிறிய அளவன்று’ – பிரித்து எழுதுக.
3. உம் வீட்டார் எவ்வெப்பொழுது தேநீர் பருகுகின்றனர் என ஒரு வாரம் குறித்து, மாற்றத்தக்க பழக்கம் ஒன்றை ஐந்து தொடர்களில் எழுதுக.